என் குரலும் எண்ணூற்று நாற்பது கிராமும்

நான் கத்துகிறவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் நம்புவதில்லை. பதினாறு வருடமாகப் பெங்களூர் பீன்யாவில் வேலை செய்கிறேன். லாரிகளுக்கும் பஸ்களுக்கும் இரும்புச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பவன். என் மேஜைக்கு முப்பதடி தள்ளி ஐந்து பிரஸ் மெஷின்கள் காலையிலிருந்து மாலை வரை தகடு வெட்டிக்கொண்டே இருக்கும். அங்கே ஒருவனிடம் டீ குடித்தாயா என்று கேட்பதற்கே கழுத்து நரம்பு புடைக்க வேண்டும். அப்படிப் பேசிப் பேசி எங்கள் ஷாப்பில், அந்தப் பட்டறைக் கூடத்தில், எல்லோருக்கும் ஒரே குரல் ஆகிவிட்டது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து மெட்ரோவில் ஏறினால் இரண்டு ஸ்டேஷனுக்குள் எங்களைச் சுற்றி இடம் காலியாகிவிடும். அடிதடி நடக்கப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். நாங்கள் மத்தியானச் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று பேசிக்கொண்டிருப்போம்.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணமான மறுநாளே கேட்டாள், "ஏங்க கத்தறீங்க?" என்று. "நான் எங்க கத்தறேன், பேசறேன்" என்றேன். இந்த ஒரு பேச்சை ஆறு வருடம் விடாமல் பேசியிருக்கிறோம்.

அந்த ஆறு வருடமும் காத்திருந்துதான் அவள் உண்டானாள். ஆறாம் மாதம் வரை எல்லாம் சரியாகப் போனது. பிறகு ஒரு வாரத்தில் கால் வீங்கியது, தலைவலி வந்தது, பிரஷர் ஏறியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குழந்தையின் நுரையீரல் முற்றுவதற்காக அவளுக்கு இரண்டு ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள், இனியும் தள்ளிப்போட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று சொல்லி, பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. இருபத்தாறு வாரம். எடை எண்ணூற்று நாற்பது கிராம்.

எங்கள் ஷாப்பில் தயாராகும் பிராக்கெட் என்கிற இரும்புத் தாங்கி ஒன்று கிட்டத்தட்ட அதே எடைதான். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை கையில் எடுத்துப் பார்த்துக் கீழே வைக்கிற எடை. அந்த எடையில் என் மகள் இருக்கிறாள் என்று கேட்டதும் என் உள்ளங்கை அதைத் தானாகவே உணர்ந்தது. பயந்திருக்க வேண்டும், பயப்படவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அப்பா ஆகிவிட்டேன். லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் மூன்று மாடியும் படியேறி ஓடினேன்.

குறைமாதக் குழந்தைகளை வைத்துப் பார்க்கிற, என்ஐசியு என்று எல்லோரும் சொல்கிற அந்த அறைக்குள் கை கழுவி, கவுன் போட்டு நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது குழந்தை இல்லை, சுவரில் தொங்கிய ஒரு காது. நிஜமாகவே காது வடிவத்தில் ஒரு விளக்கு. அறையில் சத்தம் குறைவாக இருந்தால் பச்சையாக எரியும். கூடினால் மஞ்சள். மேலும் கூடினால் சிவப்பு. எனக்கு அளவுக் கருவி எதைப் பார்த்தாலும் பிடிக்கும், அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே, "எம் பொண்ணு எது சிஸ்டர்?" என்று கேட்டேன்.

காது மஞ்சளில் நிற்கக்கூட இல்லை. பச்சையிலிருந்து நேராகச் சிவப்புக்குப் போனது.

அங்கிருந்த மூத்த நர்ஸ் விரலை உதட்டில் வைத்தபடி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை. "இன்னாப்பா, மைக் முழுங்கிட்டு வந்தியா? நான் அல்சூர் மார்க்கெட்டு பக்கத்துல பொறந்து வளந்தவ. எனக்கே காது அடைக்குது" என்றார். அவர் பேசும்போது காது பச்சையிலேயே இருந்தது. எனக்குக் கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது.

பிறகு என் மகளைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள், துணியைச் சுருட்டிக் கட்டிய ஒரு கூட்டுக்குள், மல்லாந்து கிடந்தாள். மூக்கில் ஒரு குழாய், தொப்புளில் இரண்டு குழாய். தோல் வழியாக நரம்பு தெரிந்தது. ஆனால் எல்லாம் இருந்தது. பத்து விரல், பத்து நகம், காது மடல், புருவம் வரப்போகிற இடம். நகத்தை நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு சின்ன வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்த ஷாப் எது என்று எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

டாக்டர் அம்மா வந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், நடுவில் அவருடைய கன்னடம் எட்டிப் பார்க்கும். என்னை ஒரு ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னார்.

"நோடி ஸார், இங்க பாருங்க, உங்ககிட்ட நான் எதையும் மறைக்க மாட்டேன். இவ்ளோ சீக்கிரம் பொறந்த குழந்தைக்கு மூளைக்கு நடுவுல ஒரு எடம் இருக்கு. அங்க ரத்தக் குழாய் எல்லாம் ரொம்ப மெலிசு. பிரஷர் திடீர்னு ஏறி எறங்கினா அது ஒடஞ்சு ரத்தம் கசியலாம். ரத்தம் உறையறதுக்கு வேணும்ங்கற சாமானும் அவ லிவர் இன்னும் முழுசா செய்ய ஆரம்பிக்கல. மொத மூணு நாள்தான் ஜாஸ்தி பயம். ஏழு நாள் தாண்டிட்டா பெரும்பாலும் தப்பிச்சோம். மூணாம் நாள் தலையில ஸ்கேன், ஏழாம் நாள் இன்னொண்ணு."

"கசிஞ்சா என்ன மேடம் ஆகும்?"

"கொஞ்சம்னா தானா சரியாயிடும். ஜாஸ்தி ஆனா நாளைக்கு அவ நடக்கறது, பேசறது, படிக்கறது எல்லாத்துலயும் கஷ்டம் வரலாம். உயிருக்கே கூட வரலாம்."

ஏழு நாள். அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நான் எண்ணியதெல்லாம் அந்த ஏழு நாளைத்தான்.

ஆனால் அந்த அறையில் அவர்கள் வேலை செய்த விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. குழந்தையின் தலை பக்கவாட்டில் சாயக்கூடாது, மூக்கு நேராகக் கூரையைப் பார்க்க வேண்டும். கழுத்து திரும்பினால் தலையிலிருந்து ரத்தம் இறங்கும் வழி நெருக்கப்படுமாம். நாப்கின் மாற்றும்போது நாம் வீட்டில் செய்வதுபோல இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கக்கூடாது, ரத்தம் தலைக்குப் பாயும். மெதுவாக ஒருக்களித்து, துணியை அடியில் நுழைப்பார்கள். ரத்தம் எடுத்தால் அவசரமாக இழுக்க மாட்டார்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே துளித்துளியாக எடுப்பார்கள். செய்ய வேண்டியதையெல்லாம் ஒரே நேரத்தில் செய்துவிட்டு, மூடி போட்டு, விட்டுவிடுவார்கள். யாரும் ஓடவில்லை. எங்கள் ஷாப்பில் இப்படி நாலு பேர் கிடைத்தால் நான் என் மேஜையைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது.

எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. கீழ் வார்டில் படுத்திருந்த என் மனைவி பிழிந்து கொடுக்கும் சீம்பாலை ஊசிக் குழாயில் வாங்கி மேலே கொண்டு போவது. முதல் தடவை அரை மில்லிகூட இல்லை. அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதிரே வருகிறவர்களையெல்லாம் விலகச் சொல்லிப் படியேறினேன். விலகச் சொன்னது எல்லா மாடிக்கும் கேட்டிருக்கும்.

இரண்டாம் நாள் காலை தொப்புளில் குழாய் போட்ட இடத்தில் ரத்தம் லேசாகக் கசிந்து நின்றது. நின்றுவிட்டது, ஆனாலும் டாக்டர் அம்மா ரத்தம் எப்படி உறைகிறது என்று பார்க்க ஒரே ஒரு டெஸ்ட் அனுப்பினார். ரிப்போர்ட்டை லேபிலிருந்து வாங்கி வரச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

லேப் ஜன்னலில் காகிதத்தை வாங்கினேன். எண்களுக்குப் பக்கத்தில் லிமிட் போட்டிருந்தது. என் கண் பதினாறு வருடப் பழக்கத்தில் நேராக அங்கே போனது. ரத்தம் உறைய எடுக்கும் நேரம் பத்தொன்பது விநாடி, லிமிட் பதினாலு. இன்னொரு வகையில் எழுபத்திரண்டு, லிமிட் முப்பத்தைந்து. ரத்தக் கசிவை அடைக்கும் பிளேட்லெட் ஒரு லட்சத்துப் பத்தாயிரம், குறைந்தது ஒன்றரை லட்சம் இருக்க வேண்டும். மூன்று வரியும் தடித்த எழுத்தில், பக்கத்தில் நட்சத்திரம் போட்டு அச்சாகியிருந்தது. மூன்றும் லிமிட்டுக்கு வெளியே. என் மேஜைக்கு இப்படி ஒரு காகிதம் வந்தால் லைனை நிறுத்திவிடுவேன். யார் சொன்னாலும் ஓட விட மாட்டேன். பெரிய மேனேஜரிடம் இரண்டு தடவை இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன்.

படிக்கட்டிலேயே நின்று ஷாப்புக்குப் போன் போட்டேன்.

"குழந்தைக்கு ரத்தம் சரியா உறையல. ரத்தத்துலேர்ந்து பிரிக்கற பிளாஸ்மா ஏத்தணும்போல இருக்கு. ஆளுங்கள கூட்டிட்டு வா."

"என்ன குரூப்புடா?" என்று மறுமுனையிலிருந்து கேட்டவன் என் கூட வேலை பார்க்கும் நண்பன். அவன் குரல் போன் இல்லாமலே பீன்யாவிலிருந்து கேட்டிருக்கும்.

"எந்த குரூப்பா இருந்தா என்ன, எல்லாரும் வாங்க."

அடுத்து நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. கையைக் கழுவினேன், அது மட்டும்தான் ஒழுங்காகச் செய்தேன். உள்ளே போய், டாக்டர் அம்மா என் மகளின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, காகிதத்தை ஆட்டிக்கொண்டே ஆரம்பித்தேன். "மேடம், மூணும் அவுட்டு. லிமிட்ட தாண்டிடுச்சு. ஏன் சும்மா நிக்கறீங்க, பிளாஸ்மா போடுங்க. ஆளுங்க வந்துட்டே இருக்காங்க. இன்னொரு டெஸ்ட் எடுங்க, இப்பவே எடுங்க, எம் முன்னாடி எடுங்க."

கத்தவில்லை என்றுதான் நான் நினைத்தேன். காது சிவப்பாக எரிந்தது.

டாக்டர் அம்மா என்னைத் திட்டவில்லை. கையை நீட்டி மானிட்டரைக் காட்டினார்.

அதில் என் மகளின் ரத்த அழுத்தம் ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து முப்பதை ஒட்டியே நின்ற எண். எனக்கு அது மனப்பாடம். இப்போது முப்பத்தெட்டு. "ஏன், என்ன மேடம்?" என்று கேட்டேன். நாற்பத்தொன்று. பெட்டிக்குள் அவளுடைய இரண்டு கையும் வெடுக்கென்று விரிந்தன, விரல் பத்தும் தனித்தனியாகப் பிரிந்து நின்றன. நாற்பத்து மூன்று.

நான் வாயை மூடினேன். மூடியதும் அது இறங்க ஆரம்பித்தது. முப்பத்தொன்பது, முப்பத்தாறு, முப்பத்து மூன்று. கருவியில் முள் ஆடினால் எதனால் ஆடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. கண்டுபிடிக்க இந்தத் தடவை அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அவள் தலைக்குள் இருக்கிற அந்த மெலிந்த குழாய்களுக்குள் நான்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

எண் முப்பதுக்கு வந்தபிறகு டாக்டர் அம்மா, "ஸ்வல்ப வெளிய வாங்க ஸார்" என்றார். மாடிப்படிக்குக் கீழே ஒரு காபிக் கடை. அங்கே போய் ஒரு பை-டூ காபி சொன்னார். ஒரு காபியை இரண்டு சின்ன கிளாசில் பிரித்து ஊற்றி வைத்தான் கடைக்காரன். அவர் தன்னுடைய கிளாசைத் தொடாமல் என் கிளாசை எனக்கு முன்னால் நகர்த்தி வைத்தார்.

"உங்க பொண்ணு உடம்புல இருக்கற மொத்த ரத்தமும் இவ்ளோதான் ஸார். இதுல ஒரு கிளாஸ், இவ்ளோதான்."

நான் கிளாசையே பார்த்தேன். பாதி விரல் உயரம் நுரை.

"நீங்க கேட்ட டெஸ்டுக்கு நான் ஒண்ணரை மில்லி எடுக்கணும். உங்க உடம்புலேர்ந்து இந்த கிளாசைவிட ஜாஸ்தி எடுக்கற மாதிரி அது. காலைல ரத்தம் கசிஞ்சுது, அதனால ஒரு தடவை எடுத்தேன். இப்ப கசியல. சும்மா எண்ணு பாக்கறதுக்கு எடுக்க மாட்டேன்."

"லிமிட் தாண்டியிருக்கே மேடம்" என்றேன். இந்தத் தடவை நிஜமாகவே மெதுவாகத்தான் சொன்னேன்.

"யாரோட லிமிட்? அந்த பேப்பர்ல போட்டிருக்கறது உங்களுக்கும் எனக்கும். அவ வயசுக்கு அவ சரியாத்தான் இருக்கா. உறைய வைக்கறதும் அவகிட்ட கம்மி, உறையாம தடுக்கறதும் கம்மி. ரெண்டும் சேந்து அவளுக்குன்னு ஒரு பேலன்ஸ். கசியாத குழந்தைக்கு பிளாஸ்மா ஏத்தினா மூளையில ரத்தம் கசியறது நிக்கும்னு சொல்ல முடியாது. இவ்ளோ சின்ன உடம்புல திடீர்னு ஏத்தற அந்த தண்ணியே பிரஷரை ஏத்தும்."

அதாவது நான் வேறு ஒரு சாமானின் அளவு போட்ட டிராயிங்கை வைத்துக்கொண்டு என் மகளை ரிஜெக்ட் செய்திருக்கிறேன். எங்கள் ஷாப்பில் புதிதாகச் சேர்ந்தவன் செய்கிற தப்பு அது. அதைவிடப் பெரிய தப்பு ஒன்று உண்டு. வெல்டிங் உள்ளே பிடித்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் ஆயிரத்துக்கு ஒரு பிராக்கெட்டை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பார்ப்போம். பார்த்த பிராக்கெட் குப்பைக்குப் போகும். பரவாயில்லை, மீதித் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது இருக்கிறது. இங்கே இருப்பது ஒன்றே ஒன்று. அதை எடுத்து என் முன்னால் வெட்டிப் பார் என்று நான் டாக்டரிடம் சண்டை போட்டிருக்கிறேன்.

"இப்ப நான் என்ன மேடம் செய்யணும்?"

"மெதுவா பேசுங்க. அத மட்டும் செஞ்சா போதும்" என்று சொல்லிவிட்டு அவர் தன் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு மேலே போனார். என் கிளாசை நான் குடிக்கவில்லை. கடைக்காரன் ஆறிப்போச்சு என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனான்.

மத்தியானம் கம்பெனி வேனில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். நீலச் சட்டை, இரும்பு முனை வைத்த பூட்ஸ், ஒருவன் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "எங்கடா எம் மருமக?" என்று என் நண்பன் கேட்ட கேள்விக்கு ஆஸ்பத்திரி வாசலில் இருந்த புறாக்களெல்லாம் கிளம்பிப் போய்விட்டன. நான் ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினேன். இப்போது ரத்தம் வேண்டாம் என்று விளக்கியதும் பதினோரு முகமும் வாடிவிட்டன. அடிபட்டு வந்த வேறு யாருக்காவது ஆகட்டுமே என்று ரத்த வங்கியில் உட்கார்ந்து கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். போகும்போது வாழைப்பழச் சீப்பை அந்த மூத்த நர்ஸிடம் கொடுக்கச் சொன்னார்கள். பெட்டிக்குள் இருக்கிறவள் சாப்பிடுவாள் என்று நினைத்திருப்பார்களோ என்னவோ.

மூன்றாம் நாள் ஸ்கேன். தலை உச்சியில் எலும்பு மூடாத மெத்தென்ற இடத்தில் பசை தடவி, சின்னக் கருவியை வைத்துப் பார்த்தார் டாக்டர் அம்மா. வலது பக்கம் ஒன்றுமில்லை. இடது பக்கத்தில் நிறுத்தினார், திரும்பிப் பார்த்தார், மறுபடியும் நிறுத்தினார்.

"ஒரு சின்ன கசிவு இருக்கு. கடுகு மாதிரி. இதே அளவுல நின்னா ஒண்ணும் ஆகாது. வளருதா இல்லையாங்கறதுதான் விஷயம். ஏழாம் நாள் பாப்போம்."

"மேடம், நேத்து நான் கத்துனதாலயா?"

அதுதான் என் வாயால் கத்தினேன் என்று நான் ஒப்புக்கொண்ட முதல் தடவை. அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது ஸார். யாரும் கத்தாமலே நெறைய குழந்தைங்களுக்கு வருது. அத தூக்கிட்டு சுத்தாதீங்க" என்றார். நல்ல மனுஷி. ஆனால் இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதை நான் கவனித்தேன்.

கீழே போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதம், பதினோரு பேர், காது, நாற்பத்து மூன்று, கடுகு. அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அழுகிறாள் என்று தெரிந்தது. அந்தப் பக்கம் பார்த்தபடியே, "வயித்துல இருக்கும்போதும் இந்தக் கொரலத்தான கேட்டுட்டு இருந்தா. புதுசா பயந்திருக்க மாட்டா" என்றாள். பிறகு திரும்பி, "ஏழாம் நாள் வரைக்கும் மேல போய் வாயத் தொறந்தீங்க, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றாள். இரண்டையும் அவள் மனதாரத்தான் சொன்னாள்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. ஒரு கருவியை என்னால் பச்சையில் நிறுத்த முடியாதா என்ன. மறுநாளிலிருந்து அந்தக் காதோடு எனக்குப் போட்டி. உள்ளே நுழைந்ததும் அதைப் பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் மகளிடம் போவேன். முதலில் 'கண்ணு' என்று ஒரே ஒரு வார்த்தை. மஞ்சள். மறுபடி, இன்னும் குறைத்து. மஞ்சள். மூத்த நர்ஸ் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். "வயித்துலேர்ந்து பேசாதப்பா. ஒதட்டால பேசு. கோயில்ல பாதர் காதுல பாவசங்கீர்த்தனம் சொல்றப்ப பக்கத்து பெஞ்சுக்காரிக்கு கேக்காம சொல்லுவோம் பாரு, அப்படி" என்றார். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, ஆனால் சொல்ல வேண்டிய பாவம் கைவசம் இருந்தது. பெட்டியின் ஓட்டைக்குப் பக்கத்தில் வாயை வைத்து, உதட்டால் மட்டும், "கண்ணு, அப்பா கத்திட்டேன், தெரியாம கத்திட்டேன்" என்றேன்.

பச்சை. எண் முப்பத்திரண்டில் அசையாமல் நின்றது.

அதற்குப் பிறகு என்னை நிறுத்த முடியவில்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே மழை, மெட்ரோவில் கூட்டம், அம்மா இன்று எட்டு அடி நடந்தாள், உனக்குப் பதினோரு மாமன்கள் இருக்கிறார்கள், எல்லோருக்கும் தொண்டை பெரிது. ஐந்தாம் நாள் பால் ஒரு மில்லியிலிருந்து இரண்டு மில்லி ஆனது. அன்றைக்கு நான் நுழைத்த சுண்டுவிரலை அவள் பிடித்துக்கொண்டாள். பிடி என்றால் பிடி. அவள் கை என் நகத்தைக்கூட மூடவில்லை, ஆனால் எடுக்க முயன்றபோது விடவில்லை. எனக்குள்ளே இருந்த அத்தனை மெஷினும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பித்தது. கூப்பாடு போட வேண்டும் போல இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு காதைப் பார்த்தேன். பச்சை. நர்ஸ் தூரத்திலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஆனால் வெளியே வந்து தனியாக உட்கார்ந்தால் கடுகுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. வளர்கிறதா, நிற்கிறதா. தினம் ஒரு ஸ்கேன் எடுங்கள் என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. தொடாமல் விட்டு வைப்பதும் ஒரு வேலை என்று அந்த நாலு நாளில் கற்றுக்கொண்டேன். பதினாறு வருடத்தில் யாரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

ஏழாம் நாள் காலை. மனைவியை முந்தின நாள்தான் டிஸ்சார்ஜ் செய்திருந்தார்கள். தையல் வலியோடு மூன்றாம் மாடிவரை வந்துவிட்டாள், உள்ளே வரமாட்டேன் என்றாள். "நீங்க போய் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அந்த டிவியில அவ தலைய என்னால பாக்க முடியாது." என்ஐசியு கதவுக்கு எதிரே இருந்த இரும்பு நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் போனேன்.

பசை, கருவி, சாம்பல் நிறப் படம். வலது பக்கம் சுத்தம். இடது பக்கம். டாக்டர் அம்மா நிறுத்தினார். அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாம் நாள் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவர் இரண்டு தடவை அளந்தது எனக்குப் பிடித்திருந்தது, அந்த நிலையிலும்.

"அதே அளவு" என்றார். "வளரவே இல்ல ஸார். மூளைக்குள்ள நீர் இருக்கற ரூமுக்குள்ளயும் போகல. இது தானா கரைஞ்சிடும். பெரிய கண்டத்த தாண்டிட்டா."

மாற்றமில்லை. என் தொழிலில் அதைவிட நல்ல செய்தி கிடையாது. அடிவயிற்றிலிருந்து ஒரு கூப்பாடு கிளம்பி என் நெஞ்சு வழியாகத் தொண்டைக்கு ஏறி வந்தது. பல்லைக் கடித்தேன், கண்ணில் தண்ணீர் வழிந்தது, காதைப் பார்த்தேன், பச்சை. குனிந்து மகளிடம் உதட்டால் சொன்னேன். டாக்டர் அம்மாவிடம் உதட்டால் நன்றி சொன்னேன். நர்ஸிடம் சொன்னேன். நாலு நாள் பழக்கம், குரல் அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்துவிட்டது. கவுனைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

மனைவி எழுந்து நின்றாள். நான் கிட்டே போய், அவள் கையைப் பிடித்து, மெதுவாகச் சொன்னேன். "ஒண்ணும் இல்லம்மா. வளரல."

அவள் முகம் வெளுத்துவிட்டது. கைப்பை கீழே விழுந்தது.

"ஏன் இப்படிப் பேசறீங்க?"

"வளரல, அதே அளவுதான்" என்றேன், இன்னும் மென்மையாக, அவளைத் தேற்றுவதற்காக.

"என்னங்க ஆச்சு? எங்கிட்ட மறைக்காதீங்க. ஏன் இவ்ளோ மெதுவா பேசறீங்க? எதா இருந்தாலும் சொல்லிடுங்க." என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் நான் இந்தக் குரலில் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. செத்த வீட்டில்கூட நான் பேசினால் தெரு முனைக்குக் கேட்கும். இப்படி ஒரு குரலில் நான் கொண்டு வருகிற செய்தி என்னவாக இருக்க முடியும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். நான் எவ்வளவு பதமாகச் சொன்னேனோ அவ்வளவுக்கு அவள் சரிந்துகொண்டே போனாள்.

அவளைத் தாங்கிப் பிடித்து, ஐந்து பிரஸ் மெஷினும் ஓடும்போது பேசுகிற குரலில் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லடி! வளரல! நம்ம பொண்ணு தாண்டிட்டா!"

வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். செக்யூரிட்டி எழுந்து நின்றான். அவளுடைய பிடி மட்டும் தளர்ந்தது. என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும்.

என்ஐசியு கதவு திறந்தது. மூத்த நர்ஸ் தலையை நீட்டினார். எனக்கு ரத்தம் உறைந்துவிட்டது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், திரும்பி உள்ளே சுவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"கதவு நல்லா கனம்ப்பா. உள்ள பச்சையாத்தான் இருக்கு" என்றார். "அந்தம்மாவுக்கு இன்னொரு வாட்டி சொல்லு."

கதவு முழுதாகச் சாத்தியதும் இன்னொரு வாட்டி சொன்னேன்.